ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்க மாட்டேன்

முதல் மணி அடித்தாயிற்று. அடிக்கட்டும். நாடகப் பிரதி என் மடியில் மூடியே இருக்கிறது. இரண்டாம் மணிக்கும் மூடியே இருக்கும், திரை எழுந்த பிறகும் மூடியே இருக்கும். இன்று ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்க மாட்டேன் என்று நேற்று ஒப்பனை அறையில் அத்தனை பேர் நடுவில் சொன்னேன்; சொன்னால் சொன்னதுதான். முப்பத்திரண்டு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்தியவள் நான். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிய தாளுக்கு மதிப்பெண் கிடையாது என்று ஜூன் மாதத்தில் சொன்னால் மார்ச் மாதத்திலும் கிடையாது. பள்ளித் தாளாளரின் மகளுக்கும் கிடையாது. அப்படியானால் இங்கே எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்க வேண்டாம். இது என் நாற்காலி. மேடையின் இடப்பக்கம், இரண்டாவது பக்கப்படுதாவுக்குப் பின்னால், நடிகர்களுக்குத் தெரிகிற, சபைக்குத் தெரியாத இந்த ஒன்றரை அடி இருட்டில் நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். பிராம்ப்டர் என்பார்கள். வசனம் மறந்து நிற்பவருக்கு அடுத்த வரியின் முதற்சொல்லை எடுத்துக்கொடுப்பவள். கைதட்டலில் பங்கு கிடையாது. நோட்டீசில் பெயர் கடைசிக்கு முந்தைய வரியில், ஒலிபெருக்கிக்காரருக்கு மேலே. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு. குறை அதோ, எதிர்ப்பக்கப் படுதாவின் ஓரத்தில், ஸ்டேஷன் மாஸ்டரின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. என் கணவர் அம்பலவாணன். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் உறையூர் நண்பர்கள் நாடகக் குழுவுக்கு அறுபத்து மூன்று வயதிலும் அவர்தான் கதாநாயகர். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காதவர் போல நிற்கிறார். இரண்டும் ஒன்றல்ல, எனக்கு வித்தியாசம் தெரியும். கடைசி பெஞ்சில் ஒளிந்து உட்காருகிறவர்களை ஒரு பார்வையில் பொறுக்கி எடுத்தவளுக்கு இது தெரியாதா.

திரை எழுகிறது. பிச்சைமுத்து கயிற்றை இழுக்கும்போது எழுப்புகிற அந்த முனகல், பிறகு முன்வரிசையிலிருந்து ஏறி வரும் வெப்பம், மல்லிகையும் வியர்வையும் நாப்தலீனும் கலந்த வாடை. முதல் வசனம் அவருடையது. வந்துவிட்டது, பிழையில்லாமல். வரத்தான் செய்யும்; முதல் காட்சி எப்போதும் வரும். ஒரு சிற்றூர் ரயில் நிலையத்தில் தவறான கைகாட்டி இறங்கி, இரண்டு வண்டிகள் மோதி, இருபது ஆண்டுகள் அந்த ஸ்டேஷன் மாஸ்டர் உண்மையை விழுங்கிக்கொண்டு வாழ்ந்து, கடைசிக் காட்சியில் விசாரணை அதிகாரியின் முன் வாயைத் திறக்கிற கதை. நேற்று சனிக்கிழமை ஒரு முறை, இன்று ஞாயிறு ஒரு முறை. நேற்றைக்கு இரண்டாம் காட்சி. மகளிடம் அவர் பேச வேண்டும், நின்றார். எடுத்துக்கொடுப்பது என்றால் கத்துவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு அளவு. நடிகர் மூச்சை விட்டு முடித்து, அடுத்த மூச்சை இழுப்பதற்குச் சற்று முன்னால், ஒரே ஒரு சொல்; உதட்டுக்கு வெளியே அது நாலடிக்கு மேல் போகக் கூடாது. நான் அப்படித்தான் கொடுத்தேன். 'மழை' என்றேன். மேலே புதிதாக ஒரு மைக்கைத் தொங்கவிட்டிருந்ததை யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் 'மழை' கூடம் முழுவதும் பெய்தது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் என்ன செய்திருக்க வேண்டும்? 'மழை நின்றுவிட்டதா அம்மா' என்று தொடர்ந்திருக்க வேண்டும். தொடரவில்லை. என் பக்கம் கையை நீட்டிச் சபையைப் பார்த்துச் சொன்னார்: "எங்க ஸ்டேஷன்ல சுவருக்குக்கூட வாய் இருக்கு! என்னைவிட நல்லாவே பேசும்!" கைதட்டல். அந்த மாலையிலேயே பெரிய கைதட்டல் அதுதான். இருபத்திரண்டு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டலும் அதுதான், சுவர் என்ற பெயரில். ஒப்பனை அறைக்குப் போனால் செயலாளர் சௌரிராஜன் காத்திருந்தாற்போல ஆரம்பித்தார். "டீச்சர், நாளைக்கு உங்களுக்கும் ரோஸ் பவுடர் போட்டு ஓரமா நிறுத்திடறோம். சுவர் வேஷம். வசனம்லாம் உங்களுக்குத்தான் தண்ணிபட்ட பாடாச்சே!" மகளாக நடிக்கிற ஹேமலதா சிரித்த சிரிப்பில் அவளுடைய சவுரி கழன்று விழுந்தது. எல்லோரும் சிரிக்கட்டும், அவர்கள் யார் எனக்கு. அவரும் சிரித்தார். ஒட்டுமீசையை உரித்துக்கொண்டே, கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். அப்போதுதான் சொன்னேன், நாளைக்கு ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்க மாட்டேன் என்று. "நிஜமாவா டீச்சர்?" என்றார் சௌரிராஜன். நிஜமாகத்தான் என்றேன். என் கணவர் கண்ணாடியைப் பார்த்து "சரி" என்றார். அவ்வளவுதான். சரி. ஏதோ நான் இரவுக்கு உப்புமா என்று சொன்னாற்போல.

இதோ, இரண்டாம் காட்சி வந்துவிட்டது. அதே இடம். ஹேமலதா வாசல் பக்கம் திரும்பி நிற்கிறாள். நான் பார்க்கப்போவதில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 'மழை நின்றுவிட்டதா அம்மா?' வந்துவிட்டது. என் நெஞ்சு தளர வேண்டும், தளரவில்லை. ஒரு சிறு ஏமாற்றம் நாக்கின் அடியில் கசக்கிறது, அதற்காக என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. அவர் தடுக்கி விழ வேண்டும் என்றா இங்கே உட்கார்ந்திருக்கிறேன்? ஆமாம் என்றுதான் தோன்றுகிறது. தடுக்கினால் தெரியும், இத்தனை வாரமாகப் பிரதியைத் தொடாமல் எதைத் தொட்டுக்கொண்டிருந்தார் என்று. ஓய்வு பெற்ற கையோடு தொடுதிரை டேப் ஒன்று வாங்கினார். செய்தித்தாள் படிக்க என்றார். படித்ததெல்லாம் ஒரு மாதம். பிறகு அந்தத் தீவு விளையாட்டு வந்தது. நூறு பேர் குடையைப் பிடித்துக்கொண்டு வானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள், கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் சுடுகிறார்கள், தீவைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது, கடைசியில் மிஞ்சியவர் வெற்றி. அறிவுள்ள மனிதர் ஒருவர் இதைச் சனிக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரையும், ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்திலும், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களோடு அணி சேர்ந்து ஆடுகிறார். கூடத்தில் உட்கார்ந்து, "ராணிம்மா, பின்னால ஆளு, பின்னால ஆளு!" என்று அலறுகிறார். அடுத்த வீட்டுக்காரர்கள் முதல் நாள் ஓடியே வந்துவிட்டார்கள். துப்பாக்கி வகைகள் முப்பதையும் மூச்சுவிடாமல் சொல்வார். அவை என்ன, அவர் வாங்கிய பட்டமா? என் தங்கை மருமகன் பெயரைக் கேட்டால் முழிப்பார். இந்த விளையாட்டுத்தான் இவர் மூளையைக் கொறிக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். ஒன்று கூடுகிறது, மற்றொன்று குறைகிறது, தலைகீழ் விகிதம். கண்ணுக்கு நேரே தெரிந்தது. அதனால்தான் புதன்கிழமை அந்த டேப்பை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். தேடினார். அலமாரி, மெத்தைக்கடி, வண்டிப் பெட்டி, மறுபடி அலமாரி. என்னைக் கேட்கவில்லை. மாலையில் கட்டிலின் ஓரத்தில் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை நானே எடுத்துக்கொடுத்தேன். அரிசிக்குள் இருந்தது என்றேன், யார் வைத்தது என்று சொல்லாமல். அவர் அதன் மேலிருந்த அரிசியைத் தட்டிக்கொண்டே, "நானேதான் வெச்சிட்டேன் போலிருக்கு" என்றார். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். என்ன நெஞ்சழுத்தம் என்று கொதித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். குத்திக்காட்டவில்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

நினைத்தார் என்று இப்போது தெரிகிறது. இன்று பகல் பன்னிரண்டரை வரைக்கும் தெரியாது. அவர் குளிக்கப் போயிருந்தார். டேப் நாற்காலிமேல் வெளிச்சமாய்க் கிடந்தது, காதுக் கருவிக்குள்ளிருந்து ஈ மாதிரி குரல்கள். அவர்களை நேருக்கு நேர் நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று நான் அதை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரு பெண்குரல், சின்ன வயசுக்காரி அல்ல, நாற்பதாவது இருக்கும்: "அண்ணே, வந்துட்டீங்களா? பச்சை வீடுங்கண்ணே. மாடி ஏறாதீங்க. கதவு எடது கைப்பக்கம், எடது கை." நான் அண்ணன் இல்லை, அவருடைய மனைவி பேசுகிறேன் என்றேன். "ஐயோ, டீச்சரக்காங்களா! வணக்கமுங்கக்கா. நான் செல்வராணிங்க, திருப்பூருங்க, பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேனுங்க." அதற்குள் ஓர் ஆண்குரல் எங்கிருந்தோ, "டீச்சரா? எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா! உள்ளேன் டீச்சர்!" என்றது. "அவன் பாரூக்குங்க, துபாய்ல வண்டி ஓட்றான். டேய், சும்மா இர்றா." எனக்கு விளையாட்டு வேண்டியிருக்கவில்லை. இந்த ஆட்டம் அவருடைய நினைவைத் தின்கிறது, இனிமேல் அவரைக் கூப்பிடாதீர்கள் என்று, சேர்க்கை மறுக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோரிடம் பேசுகிற குரலில் சொன்னேன். அந்தப் பக்கம் சுடுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. "வெளையாட்டு தின்னுச்சுங்களா?" என்றாள் அவள், மெதுவாக. "அக்கா, அண்ணனுக்கு ஞாபகம் நிக்கறதில்லைன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க? வெளையாட வர்றதுக்கு முன்னாலிருந்தே அப்படித்தானுங்களே. மொத நாளே எங்ககிட்டச் சொல்லிட்டாருங்க. 'எந்தக் கதவு எங்கேன்னு எனக்கு நிக்கமாட்டேங்குது, ஒவ்வொண்ணாச் சொல்லிட்டே வாங்க, இதுல வெக்கமெல்லாம் ஒண்ணுமில்லை'ன்னாரு. நாங்களும் சொல்லிட்டே வருவமுங்க. துப்பாக்கிப் பேரெல்லாம் தாள்ல எழுதி வெச்சுத் தெனமும் மனப்பாடம் பண்றாராமுங்க, இதாச்சும் நிக்குதான்னு பாக்கறதுக்கு. டாக்டரைப் பாருங்கண்ணேன்னு நானும் பாரூக்கும் மாத்தி மாத்திச் சொல்லிட்டுத்தான் இருக்கோம்." என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டது என் குரல்தானா? யாரோ ஒரு சிறுமியின் குரல் போல இருந்தது. "சொல்லு ராணி" என்றான் அந்தப் பாரூக். "டீச்சர்கிட்டச் சொன்னா பரீட்சை வெச்சுருவாம்பாருங்க. சிரிச்சுக்கிட்டேதானுங்க சொல்வாரு. தப்பா எடுத்துக்காதீங்கக்கா." குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. நான் கருவியைக் கழற்றி இருந்த இடத்தில் இருந்தாற்போல வைத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர், "யாராவது பேசினாங்களா?" என்றார். இல்லை என்றேன். பொய் சொன்ன மாணவிகளை வெயிலில் நிற்கவைத்தவள் நான். வத்தக்குழம்பை ஊற்றினேன். இன்னும் கொஞ்சம் என்றார், ஊற்றினேன்.

திருப்பூரில் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. துபாயில் ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது. முகத்தைப் பார்த்திராத, தெருப்பெயர்கூடத் தெரியாத மனிதர்களிடம் 'ஒவ்வொண்ணாச் சொல்லுங்க' என்று கையை நீட்டத் தெரிந்தவருக்கு, நான்கு முழம் தள்ளிப் படுத்திருப்பவளிடம் நீட்டத் தெரியவில்லை. அவ்வளவு கேவலமாகப் போய்விட்டேனா நான்? முப்பத்து நான்கு ஆண்டுத் தாம்பத்தியம். பரீட்சை வைத்துவிடுவேனாம். வைத்தேனா? வைத்தேன். தையில், தங்கை வீட்டு வளைகாப்பில், மருமகன் எதிரே வந்து கைகூப்பி நிற்கிறான். இவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். நான் என்ன சொன்னேன்? யோசித்துப் பாருங்கள், வரும் என்றேன். சொல்லிக்கொடுத்தால் மூளை சோம்பேறியாகிவிடும், அது என் கொள்கை, வகுப்பில் எத்தனை பேரைத் தேற்றிய கொள்கை. அந்தப் பிள்ளை கூப்பிய கையோடு நிற்கிறது, இவர் கட்டைவிரலை ஆட்காட்டி விரலோடு தேய்த்துக்கொண்டு நிற்கிறார், நான் காத்திருக்கிறேன். பொறுமையாக. பெருமையாகவும். கடைத்தெருவில், வங்கி வரிசையில், சாவி எங்கே என்று கேட்டபோது, எங்கே வைத்தீர்களோ அங்கேதான் என்று. அப்படியானால் மேடையில் மட்டும் ஏன் எடுத்துக்கொடுத்தாய் மங்கையர்க்கரசி? மேடையில் அது வேலை. வேலையைச் சரியாகச் செய்தேன். எவ்வளவு சரியாக என்றால், அவர் தடுக்கி விழுமுன்னே சொல் அவர் காலடியில் கிடக்கும். நேற்றைக்கு முன்பு அவர் தடுக்கியதை ஒருவரும் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை. எடுத்துக்கொடுத்த இடத்தில் பிரதியில் ஒரு பென்சில் கோடு போடுவது என் வழக்கம். இந்த நாடகத்தை முதலில் போட்டபோது மொத்தம் ஏழு கோடுகள். இந்த முறை ஒத்திகைகளில் பக்கத்துக்கு ஏழு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்த எண்களைக் கொடுத்திருந்தால் வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, கோடு எங்கே போகிறது என்று காட்டியிருப்பாள். நான் கோடுகளைப் போட்டுக்கொண்டே இருந்தேன், அழுத்தமாக, ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, சோம்பேறித்தனம், விளையாட்டுப் புத்தி, அலட்சியம் என்று. இல்லை, இது என் குற்றமாகாது. வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியது அவர். கேட்காத கேள்விக்கு யார் விடை எழுதுவது? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அதை நினைக்க வேண்டாம். ஒருவேளை நோட்டுப் போட்டு, நாள்தோறும் பத்துச் சொற்கள் எழுதவைத்து, சிவப்பு மசியில் திருத்தி... சீ.

மேடையில் ஏதோ நடக்கிறது. அவர் மேசையருகில் நின்றுகொண்டு கைகளால் எதையோ துழாவுகிறார். அது நாடகத்தில் கிடையாது. ஹேமலதா, எழுதாத வசனம் ஒன்றை இயல்பாக எடுத்துவிடுகிறாள்: "என்னப்பா, ஊருக்குப் போறதுன்னதும் பெட்டிச் சாவியைத் தேட ஆரம்பிச்சுட்டீங்களா?" உடனே அவர் முகம் தெளிந்து, 'ஊருக்குப் போகத்தான் வேண்டும் அம்மா' என்று வரிக்கு வந்துவிட்டார். அவள் கண்களால் என்னை ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்பினாள். அப்படியானால் இவளுக்கும் தெரிந்திருக்கிறது. சவுரி விழச் சிரித்தவளுக்கு. இந்தக் கூடத்தில் தெரியாதவள் நான் ஒருத்திதானா? ஆத்திரம் கழுத்துவரை ஏறி நிற்கிறது. சேலைத் தலைப்பால் மூக்கடியைத் துடைத்துக்கொள்கிறேன்.

இடைவேளை. விளக்குகள். பஜ்ஜி வாடை. கையில் காகிதக் குவளையோடு அவர் என் படுதாவோரமாக வருகிறார், ஒட்டுமீசையின் ஒரு முனை வியர்வையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. "என்ன, சுவர் இன்னைக்கு மௌன விரதமா?"

"விரதம்தான்."

"நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

பெருமையாகக் கேட்கிறாரா, உண்மையாகவே தெரியாமல் கேட்கிறாரா? போகிறது என்றேன். அவர் போகவில்லை. தேநீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அரசி" என்றார். நான் நிமிர்ந்தேன். இப்போது சொல்லப்போகிறார். சொல்லுங்கள். உலகத்திற்கே சொன்னதை எனக்கும் சொல்லுங்கள், சொன்னால் இந்தப் பிரதியைத் திறக்கிறேன், விரதமாவது மண்ணாவது. கேட்டுவிடலாமே நானே? 'இன்று செல்வராணியோடு பேசினேன்' என்று ஒரு வாக்கியம். வாய் வரவில்லை. கேள்வி கேட்டே பழகின வாய், இந்த ஒரு கேள்விக்கு மூடிக்கொள்கிறது. அதற்குள் எங்கிருந்தோ சௌரிராஜன், விசாரணை அதிகாரியின் கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி: "அம்பல், லாஸ்ட் சீன் நாற்காலியை ரெண்டடி முன்னால தள்ளிட்டேன். லைட்டு அங்கதான் விழும். மறந்துறாதே!" மறந்துறாதே. எவ்வளவு எளிதாகச் சொல்கிறார்கள் இந்தச் சொல்லை. அவர் குவளையை என் நாற்காலியருகே தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பாதிகூடக் குடிக்கவில்லை.

கடைசிக் காட்சி. மேடையில் ஒரே ஒரு நாற்காலி, ஒரே ஒரு வெளிச்சம். சௌரிராஜன் சபைக்கு முதுகு காட்டி நின்று, 'அன்று மாலை கைகாட்டி மேடையில் என்ன நடந்தது, உம் வாயால் சொல்லும்' என்று கணீரென்று கேட்டுவிட்டு, எதிர்ப்பக்க இருட்டுக்குள் போய்விடுகிறார். இனி என் கணவர் தனியாக, ஒன்றரைப் பக்கம் பேச வேண்டும். குறுக்கே பேசி உதவ ஹேமலதா இல்லை. கதவு இடது கைப்பக்கம் என்று சொல்லத் திருப்பூர் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்திருப்பது எழுத்தில் உண்டு. வாயைத் திறந்தார். மூடினார். இங்கே ஓர் இடைவெளி உண்டு, நான்கு எண்ணும் அளவு, வேண்டுமென்றே விடுவது, பிரபலமான இடைவெளி, சபை மூச்சைப் பிடித்துக்கொள்கிற இடம். நான்கு ஆயிற்று. ஆறு. சபை இன்னும் நம்புகிறது; யாரோ 'ச்சொ' என்கிறார்கள், எவ்வளவு உருக்கம் என்று. எனக்குத் தெரியும். கட்டைவிரல் ஆட்காட்டி விரலைத் தேய்க்கிறது. ஒன்பது. முதற்சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, நாலடி தூரம், ஒரு மூச்சு, மைக்குக்கு எட்டாமல் இன்னும் தணித்துச் சொன்னால் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும், இத்தனை ஆண்டுகள் முடிந்ததைப் போல, நாளைக்கும் முடியும், அடுத்த ஆண்டும், அவர் என் சொல்லை வாங்கிக்கொண்டு நன்றியில்லாமல் நடந்துபோவார், நான் கோடு போட்டுக்கொண்டே இருப்பேன். மாட்டேன். விழட்டும் என்றா? விழட்டும் என்று இல்லை. இன்னொரு முறை மறைக்க மாட்டேன். ஐயோ, முந்நூறு பேர். பன்னிரண்டு. விரல் தேய்ப்பது நின்றுவிட்டது. அதை நான் இதுவரை பார்த்ததில்லை, விரல் நிற்பதை. பின்வரிசையில் இருமுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில் சௌரிராஜன் கையை மேலிருந்து கீழே வெட்டிக் காட்டுகிறார், திரையை விடு, விடு என்று. பிச்சைமுத்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிகிறான். "டீச்சரம்மா, எறக்கிரட்டுங்களா? செக்ரட்டரி எறக்கச் சொல்றாரு."

அப்போது அவர் வெளிச்சத்தை விட்டு நகர்ந்தார். நாடகத்தில் எங்கும் எழுதாத பாதையில், இடப்பக்கமாக, மேடைப் பலகைகள் ஒவ்வொன்றாக முனக, ஸ்டேஷன் மாஸ்டராக அல்ல, செருப்பைத் தேடிக்கொண்டு கூடத்துக்கு வருகிற மனிதராக வந்து, என் படுதாவுக்கு இரண்டடி முன்னால் நின்றார். முகத்தில் பவுடர் கோடு கோடாக வழிந்திருந்தது. முணுமுணுக்கவில்லை. அந்த மைக் அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"அரசி, எனக்கு வரலை. எதுவுமே வரமாட்டேங்குது. நீ சொல்லு."

சௌரிராஜனின் கை மறுபடி வெட்டியது. கயிறு ஒரு சாண் இறங்கியது. கையை எடு பிச்சைமுத்து என்றேன். "இல்லைங்கம்மா, செக்ரட்டரி..." எடு என்கிறேன். எடுத்தான். எனக்குக் கோபம்தான், இன்னும் கோபம்தான்: இதைச் சொல்ல உங்களுக்கு இத்தனை நாள், இத்தனை பேர் வேண்டியிருந்ததா, கட்டிலில் சொல்லியிருக்கக் கூடாதா, குழம்பு ஊற்றியபோது சொல்லியிருக்கக் கூடாதா, நான் அவ்வளவு பெரிய பேயா? இதையெல்லாம் வீட்டுக்குப் போய்க் கேட்பேன். நாளைக் காலையில் மருத்துவரின் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது கேட்பேன். எழுந்தேன். பிரதியைத் திறக்கவில்லை, அது எனக்கு எதற்கு. படுதாவை ஒதுக்கிக்கொண்டு, சபைக்குத் தெரிகிற இடத்தில், சுருங்கின பருத்திச் சேலையோடும் கழுத்தில் தொங்குகிற மூக்குக்கண்ணாடியோடும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். ஒரு சொல்லாகக் கொடுக்கவில்லை, முழு வரியாகக் கொடுத்தேன், நாலடிக்கு அல்ல, அறுபது பேர் உட்கார்ந்த வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில்.

"அன்று மாலை நான் தூங்கவில்லை."

அவர் சபையின் பக்கம் திரும்பினார். "அன்று மாலை நான் தூங்கவில்லை."

"விழித்துத்தான் இருந்தேன்."

"விழித்துத்தான் இருந்தேன்."

"விழித்திருந்தும் நான் பார்க்கவில்லை."

இதற்கு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். அதையும் மைக் கூடம் முழுவதும் எடுத்துப் போயிருக்கும். போகட்டும். இன்னும் ஒரு பக்கத்துக்கு மேல் இருந்தது. சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.